இரண்டு மணிக்காரர்கள்

முப்பத்தொன்பது வருடம்
இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு
ஓய்வு உத்தரவை வாசிக்கவில்லை.
கூரையில் எத்தனை ஓடு என்று எனக்குத் தெரியும்.
குலசேகரம் ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்தார்கள்;
அது பகலில்தான் வேலை செய்தது.

எதிர் மேட்டில் ஒரு விளக்கு எரியும்.
யார் வீட்டில் நோயோ என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஏழாம் நாளோ எட்டாம் நாளோ
என் வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன்.
அதுவும் அணைந்து அணைந்து எரிந்தது.
மறுநாள் கடையாலுமூட்டுச் சந்தையில்
மரச்சீனிக் குவியலுக்கு அந்தப்புறம் நின்று
பொன்னுலெட்சுமி கேட்டாள்:
"நீயா அது? உனக்கும் உறக்கம் வரல்லியா?"

மூன்றாவதாகக் கண்டக்டர் அபூபக்கர்,
களியலிலிருந்து முதல் வண்டி, இருபத்தெட்டு வருடம்.
நூலகத்தில் எடுத்த வான்படம் ஒன்று
திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டி
அவர் கையில் இருந்தது.
அப்புறம் யோவேல். எழுபத்தொன்பது வயது,
எல்லாவற்றுக்கும் முதலில் "முடியாது" என்பார்,
எல்லோருக்கும் முன்னே செருப்பைப் போட்டுவிடுவார்.

சிற்றாறு அணைக்கரை. மாசிப் பனி.
பால்வெட்டுக்குக் கட்டிய தலைவிளக்கு
இன்னும் வேலை செய்தது.
கண் கூசாமலிருக்க
கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கிய நட்சத்திரத்தைக் கிழித்து
அதன் சிவப்புத் தாளை ஒட்டினேன்.

மரத்தில் என் மார்புயரத்துக்கு மேல்
நான் எதையும் பார்த்தவளில்லை.
கத்தி போகும் கோடு, பால் இறங்கும் சால், சிரட்டை.
தையில் ரப்பர் இலை கொட்டும்.
வெட்டு நிற்கும், கூலி நிற்கும்.
அப்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தது
தளிர் வந்துவிட்டதா என்றுதான்.
அந்த மொட்டைக் கிளைகளுக்குப் பின்னால்
இத்தனை இருந்தன.

முதல் இரவு
திருவனந்தபுரத்தில் இறங்கப் போன விமானத்தை
வியாழன் என்றார் கண்டக்டர்.
வியாழன் சக்கரத்தை இறக்கித் திரும்பியது.
சிரித்ததில் யோவேலுக்குப் பல்செட் கழன்றது,
சிவப்பு வெளிச்சத்தில் நாலு பேரும் குனிந்து தேடினோம்.

மெல்லப் பிடிபட்டது.
மினுங்கினால் நட்சத்திரம், மினுங்காதது கிரகம்.
தெற்கே கடல் பக்கம் தாழ்வாக நாலு புள்ளி, சிலுவை.
"எல்லாம் உங்க ஆளுக்க பக்கம்தான்" என்றார் அபூபக்கர்.
"பிறை யாருக்க பக்கம்?" என்றார் யோவேல்.

ஒரு நாள் மூன்று தாண்டி
கிழக்கு மலைக்கு மேல் சிவப்பாக ஒன்று.
படத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு
கேட்டை, என்றார் கண்டக்டர்.

பொன்னுலெட்சுமி எழுந்து நின்றாள்.
கேட்டையில் பிறந்தவள் மூத்த மச்சினனுக்கு ஆகாது என்று
ஒன்பது இடம் தட்டிப்போய்
முப்பத்துநாலில் தாலி ஏறியவள்.
கட்டத்துக்குள் எழுத்தாக மட்டுமே இருந்ததை
அறுபத்தெட்டில் நேருக்கு நேர் பார்த்தாள்.
"இம்புட்டுத் தூரத்துல நிண்ணா
எனக்க சோலியக் கெடுத்த?"
யாரும் பேசவில்லை. தவளைகள் பேசின.
பிறகு அவளே,
"நல்ல நிறம்" என்றாள்.

மகத்தின் வெளிச்சம்
இங்கே வந்துசேர எழுபத்தொன்பது வருடமாம்.
யோவேல் பிறந்தபோது கிளம்பியது
இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது.
"அதுக்கும் முட்டுவலியா இருக்கும்" என்றார்.

மஸ்கட்டிலிருந்து மகள் சொல்கிறாள், பனியில் போகாதே.
நாலு மணிக்குத் திரும்பி வந்து படுத்தால்
ஏழு வரை கட்டை மாதிரி உறங்குவதை
அவளிடம் சொன்னேன்; நம்பவில்லை.
மாத்திரையின் பெயர் இப்போதும் மறக்கிறது.
சுவாதி மறப்பதில்லை.

முட்டு ஆபரேஷனுக்கு யோவேல்
ஆசாரிபள்ளத்தில் கிடக்கிறார்.
நேற்று சரியாக இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்:
"சன்னல்ல ஒண்ணு தெரியுது. பேரு என்னது?"

"மினுங்குதா?"

"பொறு, கண்ணாடியப் போட்டுட்டுப் பாக்கேன்."

அணைக்கரையில் மூன்று பேரும்
ஒரு செல்போனைச் சுற்றி
மூச்சு விடாமல் நின்றோம்.